அம்மாச்சி வச்சிட்டுப்போன பாக்கி – நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, நாகூர் ஒரே நாள்ல

எங்க தாத்தா பினாங்கு போனது ராஜுலா கப்பல்ல. நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராதாம், தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும், படகுல ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போய் விடுவாங்க. அந்தப் படகு அலையில ஏறி இறங்குறத பாத்தே அம்மாச்சிக்கு வயித்தக் கலக்கிருச்சு, அங்கயே நின்னு மூணு இடத்துக்கு நேந்துக்கிட்டாங்க. தாத்தா நல்லபடியா திரும்பி வந்தா நீலாயதாட்சிக்கு பட்டுப்பாவாடை, வேளாங்கண்ணி மாதாவுக்கு தாத்தா உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி, நாகூர் ஆண்டவருக்கு வெள்ளியில கப்பல் தகடு. தாத்தா 1962ல வந்துட்டார். அம்மன் பாவாடை அந்த வருஷ ஆடிப்பூரத்துக்கே போயிருச்சு, மத்த ரெண்டும் பொண்ணுங்க கல்யாணம் வீடு கட்டுறதுன்னு தள்ளிப்போய் தள்ளிப்போய் அம்மாச்சியே போயிட்டாங்க. எங்க அம்மாவுக்கு இப்போ 71. "ரெண்டு இடத்துல பாக்கி நிக்குதுடா தம்பி"ன்னு வருஷா வருஷம் சொல்லும். இந்தத் தடவ லீவு கிடைச்சதும் கிளம்பிட்டோம்.

மன்னார்குடியில இருந்து விடியக்கால பஸ். வழியில டயர் பஞ்சராகி முக்கா மணி நேரம் ரோட்டோரம் நின்னோம், அதனால வழியில சிக்கல்ங்கிற ஊர்ல இருக்குற முருகன், சிங்காரவேலர கோபுர தரிசனத்தோட விட்டாச்சு, அம்மாவுக்கு அதுல கொஞ்சம் கோவம்.

பாவாடைக் கடன் தீந்திருந்தாலும் முதல்ல அம்மன் கோயில்தான். காயாரோகணேஸ்வரர் கோயில்னு போர்டுல இருக்கும், ஊர்ல யாரக் கேட்டாலும் நீலாயதாட்சி கோயில்னுதான் சொல்வாங்க. புண்டரீக முனிவர் உடம்போடயே முக்தி அடைஞ்ச இடம், அதான் காயாரோகணம், தேவாரத்துல காரோணம். அம்மன இங்க சின்னப் பொண்ணா நெனச்சுதான் கும்புடுவாங்க, பாவாடை நேந்துக்கிட்ட காரணமும் அதுதான். அந்த நீலக் கண்ணைப் பாத்துட்டு அம்மா ஒரு பத்து நிமிஷம் நகரவே இல்ல, பின்னாடி ஆளுங்க முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

சிவன் தியாகராஜரா இருக்குற சப்த விடங்கத் தலம் ஏழுல இதுவும் ஒண்ணு, தியாகராஜருக்கு இங்க சுந்தர விடங்கர்னு பேரு. ஒவ்வொரு ஊர் விடங்கருக்கும் ஒரு ஆட்டம் உண்டுல்ல, நாகையில பாராவார தரங்க நடனம், அதாவது கடல் அலை மாதிரி ஆடுறது. அம்மாச்சி கரையில நின்னு பாத்த படகு ஆட்டமும் அதானேன்னு அப்பதான் எனக்குத் தோணுச்சு. சுந்தரர் இந்த ஊர்ல வந்து சாமிகிட்ட கேட்ட லிஸ்ட்டு இருக்கே, முத்து, வைரம், கஸ்தூரி, சந்தனம், காத்து மாதிரி ஓடுற குதிரை... துறைமுகத்துக்கு வந்து நிக்கிறவன் கடைத்தெருவப் பாத்து கேக்குற மாதிரியே இருக்கும். மத்த ஊர்ல எல்லாம் இப்படி கேட்டிருப்பாரான்னு தெரியல, இங்க வந்து இறங்குற சரக்கப் பாத்துட்டுதான் கேட்டிருக்கணும்னு எனக்கு ஒரு எண்ணம்.

அதிபத்த நாயனார் இந்த ஊர் மீனவர்தான். வலையில விழுற முதல் மீன சிவனுக்குன்னு கடல்லயே விட்டுருவாரு, ஒரு மீன்தான் கிடைச்சாலும் அதே கதிதான், வீட்டுல பட்டினி. கடைசியில ஒருநாள் தங்க மீனே சிக்குது, அதையும் விட்டுட்டாரு. ஆவணி ஆயில்யத்துக்கு இன்னும் கடல்ல தங்க மீன் விடுற விழா நடக்குது. கரையில அன்னைக்கு நிக்கிற மீனவக் குடும்பங்களுக்கு அது கதை இல்ல, தாத்தா மாதிரி ஒரு ஆளு.

சௌந்தரராஜப் பெருமாள் கோயில் கிட்டதான், நடை சாத்துறதுக்குள்ள ஓடிப்போய் சேவிச்சோம். திருமங்கையாழ்வார் பாட்டுல "அச்சோ ஒருவர் அழகியவா"ன்னு திரும்பத் திரும்ப வரும், நின்னு பாத்தா நமக்கும் வேற வார்த்தை வராது. அங்க எட்டுக் கை நரசிம்மர் பஞ்சலோகத்துல இருக்கார், ஒரு கை பிரகலாதன் தலையில வச்சிருக்கு, இன்னொரு கை இரணியனக் கிழிக்குது.

புத்த விகாரம் ஒண்ணு இருந்த ஊர் இது. ராஜராஜன் காலத்துல கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவுல இருந்த ஸ்ரீவிஜய ராஜா கட்டினது, சூடாமணி விகாரம், அதுக்கு ராஜராஜன் ஆனைமங்கலம்ங்கிற ஊர எழுதி வச்ச 21 ஏட்டுச் செப்பேடு டச்சுக்காரங்க கையோட ஹாலந்துல லெய்டன் ஊருக்குப் போய் லெய்டன் செப்பேடுன்னே பேர் விழுந்துருச்சு. மிச்சமிருந்த கோபுரத்தையும் 1867ல இடிச்சுட்டாங்க. கிடைச்ச புத்தர் சிலைங்க எழும்பூர் மியூசியத்துல இருக்கு, இங்க பாக்க ஒண்ணும் இல்ல. அம்மாகிட்ட சொன்னேன், "அவருக்கும் பாட்டி நேந்துருப்பா, தெரிஞ்சிருந்தா"ன்னுச்சு.

மத்தியானம் வேளாங்கண்ணி. வெயில்னா வெயில். புயல்ல மாட்டின போர்ச்சுகீசிய மாலுமிங்க மாதாவ வேண்டி கரை சேந்த இடம், இங்கயும் கடல் பயம்தான் ஆரம்பம். 1962ல இது பசிலிக்கா ஆச்சு, தாத்தா வந்த அதே வருஷம்னு சொன்னதும் அம்மா அப்படியே என்னைப் பாத்துச்சு.

மெழுகுவர்த்திக் கடையில பிரச்சனை. தாத்தா என்ன உயரம்? போட்டோல உக்காந்துதான் இருக்காரு. அம்மா என்னை நிமிந்து நிக்கச் சொல்லி கையால அளந்து, "உன் காது வரைக்கும் இருப்பாரு, துண்டு கட்டினா உன் உயரம்"னு சொல்ல, கடைக்காரரு சிரிச்சுக்கிட்டே என் காதுக்கு நேரா ஒண்ண எடுத்துக் குடுத்தாரு. அந்த மெழுகுவர்த்திய தோள்ல சாச்சுக்கிட்டு மணல்ல முட்டி போட்டுப் போறவங்களுக்கு நடுவுல நடந்தேன் பாருங்க, வெயிலுக்கு வளைஞ்சிருமோன்னு ஒரே பயம். கடற்கரை பக்கம் அம்மா வரமாட்டேன்னுருச்சு. 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமை, சுனாமில கிறிஸ்துமஸுக்கு வந்தவங்க எத்தனை பேர் அந்த மணல்ல போனாங்க. நாகை மாவட்டத்துல மட்டும் ஆறாயிரத்துக்கு மேல. பெரிய கோயிலுக்குள்ள தண்ணி வரலன்னு எல்லாரும் சொல்வாங்க, அம்மா அதுக்கு பதில் எதுவும் சொல்லல, மெழுகுவர்த்திய வச்சுட்டு கொஞ்ச நேரம் அழுதுச்சு.

நாகூர் போறப்ப சாயங்காலம். தர்காவுல அஞ்சு மினாரா, அதுல பெருசு 131 அடி, தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப்சிங் கட்டிக் குடுத்தது. உள்ள போனா புறா, புறா, புறா. தஞ்சாவூர் நாயக்க ராஜாவுக்கு செய்வினை வச்சு ஒரு புறா உடம்புல ஊசியா குத்தி வச்சிருந்தத நாகூர் ஆண்டவர், அதான் ஷாகுல் ஹமீது எஜமான், பிடுங்கிப் போட்டு ராஜாவ பிழைக்க வச்சாருன்னு கதை, அதான் புறா விடுறாங்க. நடுக்கடல்ல ஓட்டையான கப்பல கண்ணாடிய எறிஞ்சு அடைச்சாருன்னும் சொல்வாங்க. கப்பலேறினவங்க இவர மறக்கவே இல்ல, பினாங்குலயும் சிங்கப்பூர்லயும் நாகூர் தர்கான்னே கட்டிட்டாங்க. தாத்தாவும் பினாங்குல அங்க போய் நின்னிருப்பார்னு நெனைக்கிறேன், இங்க ஒருத்தி நேந்துருக்கான்னு தெரியாமயே.

தகடு விக்கிற கடையில கை, கால், கண்ணு, வீடு, தொட்டில், கப்பல் எல்லாம் தட்டுல கிடந்துச்சு. அம்மா கப்பல எடுத்து திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதுல பாய்மரம்ல இருக்கு, எங்கப்பா போனது புகை போற கப்பலாச்சே"ன்னு கேட்டுச்சு. எனக்கு சிரிப்பு. கடைக்கார பாய் சிரிக்கல, "எஜமானுக்குத் தெரியும்மா எந்தக் கப்பல்னு, போடுங்க"ன்னாரு.

ஃபாத்திஹா ஓதி, மயிலிறகால தலையில தட்டி, சர்க்கரை குடுத்தாங்க. தகட உண்டியல்ல போட்ட அம்மா ரெண்டடி வந்துட்டு மறுபடி திரும்பிப்போய் முந்தானைய அவுத்து நூறு ரூவாய எடுத்துப் போட்டுச்சு. என்னம்மான்னா, "அறுவது வருஷம் ஆச்சே, வட்டி"ன்னுட்டு, வெளிய வந்ததும் முதல் வேலையா எங்கடா அந்த வடை மாதிரி வாடா விக்கிறான், இறால் வச்சதா வாங்கு, தம்ரூட் ஸ்வீட்டு அரைக்கிலோ உன் தங்கச்சிக்குன்னு ஆரம்பிச்சுருச்சு.