அப்போ இது தப்பா டீச்சர்?

83லிருந்து 47ஐக் கழிக்கச் சொல்லியிருந்தேன். மற்ற பிள்ளைகள் நோட்டில் மேலும் கீழுமாக எழுதிக்கொண்டிருந்தபோதே ஒரு சிறுமி 36 என்றாள். எப்படி என்று கேட்டேன்.

"80ல 40 போனா 40. 3ல 7 எடுக்கணும், 4 குறையுது. அந்த 4ஐ 40ல எடுத்துட்டேன்."

யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவளாகவே கண்டுபிடித்தது. பாராட்டினேன். அப்புறம், "நோட்டுல கடன் வாங்கித்தான் போடணும்" என்றேன்.

"அப்போ இது தப்பா டீச்சர்?"

"தப்பில்ல. பரீட்சையில ஸ்டெப் பார்ப்பாங்க."

அந்தப் பதிலைத்தான் இன்னும் மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. அடுத்த வருடம் வேறு டீச்சரிடம் போவாள், அவர் இவ்வளவு பொறுமையாகக் கேட்பாரோ என்னவோ. ஐந்து இலக்க எண் வந்தால் அத்தனையையும் மனதில் வைத்துக்கொள்ளவும் முடியாது.

ஆனால் சில வாரம் கழித்து 302 - 148 கொடுத்தேன். நோட்டில் 254 என்று எழுதியிருந்தாள். நூறிடம் கடன் வாங்கிப் பூஜ்யத்தை 9 ஆக்கியவள், மேலே இருந்த 3ஐ 2 ஆக்கவில்லை. நிறைய பிள்ளைகள் இடறும் இடம்தான். நோட்டை மூடிவிட்டு வாயால் சொல்லச் சொன்னேன். "300ல 100 போனா 200. 40 எடுத்தா 160. 2ல 8 எடுக்க 6 குறையுது. 154." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதை டீச்சர் வெச்சுக்கட்டும்?" என்றாள்.

பிரேசிலின் ரெசிஃபே நகரில் தேங்காய் போன்றவற்றை விற்ற பிள்ளைகளைப் பற்றி 1985இல் ஓர் ஆய்வு வந்தது. வியாபாரத்தில் நூற்றுக்கு 98 கணக்கைச் சரியாகச் சொன்னவர்கள், அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37தான் சரியாகச் செய்தார்கள். பொருளாதார வல்லுநர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர், கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடமும் இதையே பார்த்ததாக 2025இல் எழுதினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கோ சந்தைக் கணக்கு வரவில்லை. இதையெல்லாம் படிக்கும்போது, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் நானும் ஒரு செங்கல் வைத்தேனோ என்று தோன்றுகிறது. தப்பு விடுவது பெரிதில்லை. 83ஐப் பார்த்ததும் 80 என்று எடுத்தவளுக்கு, 300லிருந்து ஏறக்குறைய 150 போனால் 254 வராதே என்று ஏன் உறைக்கவில்லை?

அதற்காகக் கடன் வாங்குவதைச் சொல்லித்தராமல் விடலாமா? அவள் பக்கத்தில் உட்காரும் பையனுக்கு மனக்கணக்கு வரவே வராது. அவன் நம்பிப் பிடித்திருப்பது அந்த ஒரு முறையைத்தான், அதைத் தப்பில்லாமல் போடுகிறான். அவனையும் வைத்துத்தானே பாடம் நடத்த வேண்டும்?

பருவத் தேர்வில் அவள் எல்லாக் கழித்தலையும் கடன் வாங்கியே போட்டு முழு மார்க் எடுத்தாள். இப்போது மனக்கணக்கு கேட்டால், "பேப்பர்ல போடட்டுமா டீச்சர்?" என்கிறாள். மார்க் வாங்கிக்கொடுத்த முறையை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சரி, போடு என்றுதான் சொல்கிறேன்.