ஓர் இரவுப் படமும் நான்கு குறிப்புகளும்

6 ஜூன் 2025, வெள்ளி

தூக்கம் வரவில்லை என்று 'வைஸ் ஸ்குவாட்' போட்டேன். 1982-இல் வந்த அமெரிக்கப் படம், இயக்கம் கேரி ஷெர்மன். கொஞ்சம் பணம் போட்டு, ரத்தத்தையும் சதையையும் காட்டிக் கல்லா கட்டுகிற ரகம் என்றுதான் உட்கார்ந்தேன். அந்த ரகமேதான். ஆனால் ஆரம்பத்தில் ஒரு தாய் தன் சின்ன மகளைப் பஸ் ஏற்றி அனுப்புகிறாள். பிறகு உடை மாற்றிக்கொண்டு, பாலியல் தொழிலுக்காக, பிரின்சஸ் என்ற பெயரில் ஹாலிவுட் நடைபாதைக்கு வருகிறாள். மோட்டல் அறையில் அவள் தோழி ஜிஞ்சர் அடி வாங்கும் காட்சி வந்ததும் அணைத்துவிட்டேன்.

7 ஜூன், சனி

மீதியைப் பார்த்து முடித்தேன். ஜிஞ்சரைக் கொன்றவன் ராம்ராட். மாமா வேலை பார்ப்பவன், கௌபாய் வேஷத்தில் திரிகிறான். பிணவறையில் தோழியின் உடலைக் காட்டி பிரின்சஸைச் சம்மதிக்க வைக்கிறார் வால்ஷ் என்ற போலீஸ்காரர். அவளை வைத்து அவனைப் பிடிக்கவும் செய்கிறார். அவனோ தப்பிவிடுகிறான். இது தெரியாமல் அவள் பாட்டுக்கு அடுத்த வாடிக்கையாளரிடம் போய்க்கொண்டிருக்கிறாள். கிட்டத்தட்ட எல்லாமே ஒரே இரவுக்குள். ஒரு கிழவர் சவப்பெட்டிக்குள் படுத்திருக்க, இவள் மணப்பெண் உடையில் போய் நிற்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

9 ஜூன், திங்கள்

ஒளிப்பதிவு ஜான் ஆல்காட்! இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் 'பாரி லிண்டன்' (1975) படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். நாசாவுக்காகச் செய்த, மிகக் குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கும் எஃப்/0.7 லென்ஸை வைத்து, 18-ஆம் நூற்றாண்டுப் பிரபுக்களை மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே படம் பிடித்த ஆள். ஏழு வருடம் கழித்து இங்கே கடைப் பலகைகளின் நியானும் கார் விளக்குகளும் அவர் கைக்கு வந்திருக்கின்றன. சில காட்சிகளை இன்று சத்தத்தை அணைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். கதை எங்கோ போய்விட்டது, தெரு மட்டும் நின்றது. பிரபுக்களுக்குக் கொடுத்த அதே கவனத்தை இந்த நடைபாதைக்கும் கொடுத்திருக்கிறார். தயாரிப்பாளர் அதையெல்லாம் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

12 ஜூன், வியாழன்

'நியான் ஸ்லைம்' பாட்டு மண்டையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. பாடியது ராம்ராட்டாக நடித்த விங்ஸ் ஹவுசரே. கொலைகாரனே டைட்டில் பாட்டும் பாடுகிற துணிச்சல் இந்த மாதிரிப் படத்துக்குத்தான் வரும். மனுஷன் இந்த மார்ச்சில்தான் காலமானார். ஜிஞ்சராக வரும் நினா பிளாக்வுட், எம்டிவி இசைச் சேனலின் முதல் ஐந்து தொகுப்பாளர்களில் ஒருவர். படம் வருவதற்கு முந்தைய ஆண்டுதான் அந்தச் சேனலே தொடங்கியிருந்தது.

சாப்பிடும்போது தம்பி கேட்டான், "நான் பார்க்கலாமா?"

"பாரு. அந்த மோட்டல் காட்சியை மட்டும் ஓட்டிவிடு."

"ஓட்டிவிட்டால் அப்புறம் அவனைப் பார்த்து எப்படிப் பயம் வரும்?"

சரி, அதுவும் நியாயம்தான். மோர் ஊற்றிக்கொண்டேன்.