கையில் ஒன்றும் எழும்பவில்லை

அம்மாவுக்கு ஒன்பது வருடமாக முடக்குவாதம். மாத்திரைகளுக்கு அடங்காமல் போகவே, ரூமட்டாலஜி டாக்டர், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பயாலஜிக் ஊசி போடலாம் என்றார். ஆனால் அதற்கு முன் உடம்புக்குள் டிபி கிருமி பதுங்கியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டுமாம். பதுங்கிய கிருமியைச் சுற்றி உடம்பு ஒரு சுவர் கட்டி வைத்திருக்கும், இந்த ஊசி அந்தச் சுவரைத் தளர்த்திவிடும் என்று விளக்கினார். மார்பு எக்ஸ்ரேவும், தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ டெஸ்டும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுப் பக்கத்து லேபிலேயே போட்டுக்கொண்டோம். முன்கையின் உட்புறத்தில், தோலுக்குள்ளேயே 0.1 மில்லி மருந்து. மிளகளவு ஒரு வெள்ளைக் குமிழி எழும்பி, கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிட்டது. சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, "தேய்க்காதீங்க, சொறியாதீங்க, ரெண்டு நாள் கழிச்சு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்றார்கள். நானும் அனுப்பினேன். கையில் ஒரு பொட்டுச் சிவப்புகூட இல்லை. ரிப்போர்ட்டில் பூஜ்யம், நெகட்டிவ்.

நிம்மதியாகக் கொண்டுபோய் நீட்டினால் டாக்டர் முகம் மாறவில்லை. முதலில் வாட்ஸ்அப் விஷயத்துக்குத் திட்டு விழுந்தது. பார்க்க வேண்டியது சிவப்பை அல்ல, தடிப்பை. அதை விரலால் தொட்டால்தான் தெரியும். அப்புறம் அம்மாவிடம் கேட்டார்: "சின்ன வயசுல வீட்ல யாருக்காவது டிபி இருந்துச்சாம்மா?"

"எங்க பெரியண்ணனுக்கு இருந்துச்சு. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டாங்க. ஒரே வீட்ல ஒரே பாய்லதான் படுத்தோம்."

எனக்கே அது புதுச் செய்தி. மாமாவுக்கு 'நெஞ்சுச் சளி' என்றுதான் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

"அப்போ இந்தப் பூஜ்யத்தை நான் நம்ப மாட்டேன். நாலு மாசமா தினம் 20 மில்லிகிராம் பிரட்னிசோலோன், அதாவது ஸ்டீராய்டு, சாப்பிடுறாங்க. மணி அடிச்சும் யாரும் கதவைத் திறக்கலைன்னா, வீட்ல ஆள் இல்லைன்னும் இருக்கலாம், இருக்கிறவங்களுக்குக் காது கேட்கலைன்னும் இருக்கலாம் இல்லையா?"

மாண்டூ ஊசியில் போவது கிருமி இல்லை, அதிலிருந்து பிரித்த டியூபர்குலின் என்ற புரதம்தான். முன்பே அந்தக் கிருமியைப் பார்த்துப் பழகிய டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் அடையாளம் கண்டு, மற்ற செல்களையும் கூப்பிட்டுக்கொண்டு அந்த இடத்தில் கூடும். கூடிச் சேர 48 முதல் 72 மணி நேரம் ஆகும் என்பதால்தான் இரண்டு நாள் காத்திருப்பு. ஸ்டீராய்டு அந்தக் கூட்டத்தையே கலைத்துவிடும். தட்டம்மையும் அப்படித்தான்: அது வந்த குழந்தைகளுக்கு டியூபர்குலின் தடிப்பு சில நாட்களுக்குக் காணாமல் போவதை வியன்னாவின் குழந்தை மருத்துவர் பிர்கே 1908-லேயே கவனித்து எழுதியிருக்கிறார்.

முன்பெல்லாம் இப்படிச் சந்தேகம் வந்தால் கேண்டிடா, டெட்டனஸ் மாதிரி அநேகமாக எல்லா உடம்புக்கும் அறிமுகமான பொருட்களையும் தோலில் போட்டுப் பார்ப்பார்களாம். அதற்கும் எழும்பாவிட்டால் கோளாறு எதிர்ப்புச் சக்தியில். ஆனால் அதையும் முழுசாக நம்ப முடியவில்லை. எச்ஐவி உள்ளவர்களுக்கு வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 1997-ல் சொல்லிவிட்டது.

எங்களுக்கு எழுதியது ரத்தப் பரிசோதனை, குவான்டிஃபெரான். அதில் ஒரு குழாயில், டிபி கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் டி செல்களைத் தட்டி எழுப்பும் ஒரு புரதம் இருக்கும். அந்தப் புரதம் கிடைப்பது சிவப்பு ராஜ்மாவில் இருந்து என்று படித்துச் சொன்னபோது, "அதான் அது எனக்கு ஒத்துக்கிறதே இல்லை" என்றாள் அம்மா. அந்தக் குழாயிலும் அசைவு போதவில்லை. ரிப்போர்ட்டில் 'முடிவு சொல்ல இயலாது' என்று வந்தது. பணம் போனதுதான் மிச்சம் என்று நினைத்தேன். டாக்டருக்கோ, காது கேட்கவில்லை என்பது இப்போது உறுதி.

ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தோம். அந்த ஆறு வாரம்தான் கொடுமை. காலையில் டம்ளரைப் பிடிக்க விரல் மடங்காது. காபியைக் கிண்ணத்தில் ஊற்றி இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திக் குடிப்பாள்.

மறுபடி மாண்டூ, இந்த முறை ஆஸ்பத்திரியிலேயே. மூன்றாம் நாள் டாக்டரே ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்து, வெளியிலிருந்து ஊசி போட்ட இடத்தை நோக்கி மெல்லக் கோடு இழுத்தார். தடிப்பின் விளிம்பில் பேனா தட்டி நின்றது. எதிர்ப்பக்கமிருந்தும் அப்படியே. இரண்டு முனைகளுக்கும் நடுவே, கையின் குறுக்காக ஸ்கேல் வைத்தார். 9 மில்லிமீட்டர். சாதாரணமாக 10 வேண்டும். அம்மா மாதிரி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு 5 வந்தாலே பாசிட்டிவ்.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது, இருமல், காய்ச்சல் எதுவும் இல்லை. ஆகவே நோய் இல்லை, பதுங்கிய கிருமிதான். ஆறு மாதத்துக்கு ஐசோனியசிட் என்ற டிபி மாத்திரை, கூடவே வைட்டமின் பி6 மாத்திரை. ஒரு மாதம் மாத்திரை உள்ளே போன பிறகு முதல் பயாலஜிக் ஊசி போட்டார்கள், வயிற்றில்.

இரண்டு நாள் கழித்து அம்மா புடவையை விலக்கி அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "இதுக்கு ஸ்கேல் வைக்க வேண்டாமாடா?"