நோயாளியின் குறிப்பு நோயாளிக்கும் தெரியட்டும்

மருத்துவர் நம்மைப் பற்றி எழுதிவைக்கும் குறிப்பை நாமே படிக்கலாமா என்று கேட்டால், "படித்துவிட்டுப் பயந்துபோவார்கள், ஓயாமல் சந்தேகம் கேட்பார்கள்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். 2010-இல் அமெரிக்காவின் மூன்று இடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் 'ஓப்பன்நோட்ஸ்' (திறந்த குறிப்புகள்) என்ற பெயரில், தங்கள் குறிப்புகளை நோயாளிகளே படிக்கவிட்டு இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2012-இல் முடிவுகள் வெளியானபோது, கருத்துக் கூறிய நோயாளிகளில் 99 விழுக்காட்டினர் இது தொடர வேண்டும் என்றார்கள், மருத்துவர்களில் ஒருவர்கூட நிறுத்திவிடவில்லை.

எப்போதோ நிறுத்திய மாத்திரை பட்டியலில் நீடிப்பதையும், இடது முழங்கால் வலதாகப் பதிவாகியிருப்பதையும், பெனிசிலின் ஒவ்வாமை விடுபட்டுப்போயிருப்பதையும் எவரையும்விட விரைவாகக் கண்டுபிடிக்கக்கூடியவர் அந்த உடம்புக்கு உரியவர்தான். (கையெழுத்துப் புரிந்தால், என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்!)

எனக்குள்ள தயக்கம் ஒன்றே: புற்றுநோய் என்று சொல்லும் திசுப் பரிசோதனை முடிவு, மருத்துவர் பேசுவதற்கு முன்பே, நள்ளிரவில் கைப்பேசியில் வந்து நிற்பது கொடுமை. அதற்காக எல்லோருடைய பதிவையும் பூட்டிவைப்பது தீர்வாகாது. முடிவை உடனே பார்க்க விருப்பமா, மருத்துவரோடு சேர்ந்து பார்க்க விருப்பமா என்று, மாதிரி எடுக்கும்போதே நோயாளியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.