தேய்ந்துபோன தேதி

தஞ்சம் கேட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் அவர், இன்று மட்டும் மூன்று முறை அந்த வேலை அனுமதி அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டார்.

காலாவதித் தேதி இருக்கும் இடத்தில் மட்டும் எழுத்து தேய்ந்திருந்தது. கட்டைவிரல் ஓயாமல் அங்கேயே போய் நின்றிருக்கிறது.

புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டார். பதில் இல்லை. மேலாளரோ புதிய அட்டையைக் கேட்கிறார்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, 17ஆம் பிரிவில் கூலி வேலைக்கான உரிமையைப் பேசுகிறது. ஆனால் தஞ்சம் கேட்டு முடிவுக்காகக் காத்திருப்பவருக்குப் பல நாடுகளில் அது எளிதில் எட்டுவதில்லை. பிரிட்டனில் 12 மாதங்கள் காத்திருந்த பிறகே வேலை அனுமதி கேட்கவே முடியும்.

உழைக்கத் துடிக்கும் கைகளைக் கட்டிப்போடுவது அநியாயம். இதை உரக்கவே சொல்வேன்.

அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு எழுந்தார். இரவுப் பணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

இப்போதே கிளம்பிவிட்டார்.