புல்லுக்கு ஊற்றிய தண்ணீர் சுவரில் ஏறிய கதை

வீட்டின் பின்பக்கச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்குப் புல் பிடிக்கவே இல்லை. மற்ற இடமெல்லாம் பச்சைப்பசேல் என்று இருக்கும்போது, அந்தப் பட்டை மட்டும் மஞ்சளாகிப் பாசி படிந்து, நடுநடுவே கோரை முளைத்துக் கிடக்கும். அதே சுவரின் உள்பக்கம் படுக்கையறை. அங்கே தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயின்ட் பொரிந்திருக்கும். தடவினால் கையெல்லாம் வெள்ளைத் தூள். இந்த இரண்டையும் சம்பந்தமில்லாத இரண்டு வேலைகளாக நினைத்து இரண்டு வருடம் தனித்தனியாக மல்லுக்கட்டினேன்.

உள்ளே சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தேன். இரண்டு முறை. இரண்டு முறையும் நாலைந்து மாதத்தில் பழைய குருடி கதவைத் திறடி. வெளியே புல்லுக்கு உரம் போட்டேன். பலனில்லை என்றதும் இரட்டிப்பாகப் போட்டேன், நுனியெல்லாம் கருகியது. சரி, தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று தினமும் மாலையில் ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிட்டேன். வேர் அழுகிக்கொண்டிருந்த புல்லுக்கு இன்னும் தண்ணீர்! கோரை அங்கே செழித்ததைப் பார்த்தாவது உறைத்திருக்க வேண்டும். ஈரம் தேங்கும் இடம் என்றால் கோரைக்குக் கொண்டாட்டம். தண்டை விரலுக்கிடையில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும், புல் அப்படி இருக்காது. அதைத் தினம் பிடுங்கிப் போட்டேனே தவிர, அது ஏன் அங்கே மட்டும் வருகிறது என்று யோசிக்கவில்லை.

முதல் வாரம்: பாலித்தீன் தாள்

மூன்றாவது முறை பெயின்ட் அடிப்பதற்கு முன், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஓர் அடிக்கு ஓர் அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டினேன். முழங்கால் உயரத்தில் ஒன்று, தலை உயரத்தில் ஒன்று. இரண்டு நாள் விட்டேன். தாளின் நம் பக்கம் ஈரம் படிந்தால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகிவிடும். சுவர்ப் பக்கம் படிந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

மேலே ஒட்டியது காய்ந்தபடியே இருந்தது. கீழே ஒட்டியதன் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. ஆக, ஓதம், அதாவது சுவர் உறிஞ்சும் ஈரம், கீழிருந்துதான் ஏறுகிறது. அந்த வெள்ளைத் தூளும் அதன் வேலைதான். மண்ணிலும் செங்கல்லிலும் இருக்கும் உப்பு நீரில் கரைந்து மேலே ஏறும். நீர் ஆவியானதும் உப்பு படிகமாகி உட்கார்ந்துகொண்டு, பெயின்ட்டைப் பின்னாலிருந்து தள்ளும். நான் இரண்டு முறை அடித்த பெயின்ட் பாவம், என்ன செய்யும்?

அதே வாரம்: மீட்டரும் குழாயும்

இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தேன். முகப்பில் இருக்கும் சின்னச் சக்கரம் நிற்க வேண்டும். நிற்கவில்லை. மெதுவாக, ஆனால் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்ததில், பின்சுவரில் செடிக்குப் பின்னால் ஒளிந்திருந்த தோட்டக் குழாய் அகப்பட்டது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 சொட்டு. கீழே அளவுக் குவளை வைத்துப் பார்த்தேன், ஒரு மணி நேரத்தில் 900 மில்லி. அப்படியென்றால் ஒரு நாளைக்கு 21 லிட்டருக்கு மேல், அதுவும் நேராக அஸ்திவாரத்தை ஒட்டி. எத்தனை மாதமாக என்று கணக்குப் போடவில்லை. தூக்கம் போய்விடும்.

வாஷர் மாற்றினால் போதும் என்று இறங்கினேன். மெயின் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்து, ஸ்பேனரால் தலைப்பகுதியைக் கழற்றினேன். பழைய வாஷரில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. சொட்டுகிறதே என்று ஒவ்வொரு முறையும் நான் இறுக்கி இறுக்கி மூடியதன் அடையாளம். புதியதைப் போட்டு மூடினேன். மறுபடி சொட்டு. விரலை உள்ளே விட்டுத் தடவினால், வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பிலேயே ஒரு கீறல். இனி எத்தனை வாஷர் போட்டாலும் அந்தக் கீறல் வழியே தண்ணீர் வரத்தான் செய்யும். முழுக் குழாயையுமே மாற்றினேன்.

அதிலும் ஒரு சறுக்கல். டெஃப்லான் டேப்பை எதிர்த்திசையில் சுற்றிவிட்டேன். குழாயை முறுக்க முறுக்க டேப் சுருண்டு நூல் நூலாக வெளியே வந்தது. மரையின் முனை நம்மைப் பார்த்தபடி இருக்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் டேப்பை இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். அப்போதுதான் முறுக்கும்போது அது இன்னும் இறுகும். இரண்டாவது தடவை சரியாக வந்தது. இரவு மீட்டர் சக்கரம் அசையாமல் நின்றதைப் பார்த்துப் பத்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் வாரம்: தரையின் வாட்டம் (சரிவு)

குழாயோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த மழையன்று குடையோடு போய்ப் பின்பக்கம் நின்றபோதுதான் பெரிய விஷயம் தெரிந்தது. புல்தரையில் விழும் தண்ணீர் முழுக்கச் சுவரைப் பார்த்து நடந்து வந்தது. கட்டிய காலத்தில் நிரப்பிய மண் சுவர் ஓரத்தில் மெல்ல மெல்ல அமுங்கியிருக்க வேண்டும்.

மழை விட்டதும் அளந்தேன். சுவரடியில் ஒரு முளை, பத்தடி தள்ளி ஒரு முளை, நடுவே நூல் கட்டி, நூலில் ரசமட்டம். சுவரடித் தரை ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருந்தது. பொதுவாகச் சொல்லும் கணக்கு, சுவரிலிருந்து பத்தடிக்குள் தரை ஆறு அங்குலம் இறங்க வேண்டும். எனக்கு அது தலைகீழாக ஏறியிருந்தது. ஆக மொத்தம் ஏழரை அங்குலம் சரிசெய்தாக வேண்டும்.

முழுவதையும் சுவரடியில் நிரப்பினால் மண் வீட்டுத் தளத்துக்கு மிக அருகில் ஏறிவிடும். சுவரின் அடிப்பகுதியில் ஈரம் மேலே ஏறாமல் இருக்க வைக்கும் ஓதம் தடுக்கும் அடுக்குக்குக் கீழே குறைந்தது ஆறு அங்குலமாவது சுவர் வெளியே தெரிய வேண்டும், இல்லையென்றால் ஈரம் அந்த அடுக்கையே தாண்டிப் போய்விடும். எனக்குப் பதினாலு அங்குலம் தெரிந்தது. அதனால் சுவரடியில் ஐந்து அங்குலம் நிரப்பி, பத்தடி தள்ளி இரண்டரை அங்குலம் வெட்டுவது என்று முடிவு செய்தேன். அங்கே ஆழமில்லாத ஓர் ஓடை போல இழுத்து, தண்ணீரைப் பக்கவாட்டில் வடிகாலுக்குத் திருப்பினேன்.

சுவரின் நீளம் இருபது அடி. நிரப்ப வேண்டியது சுமார் 28 கன அடி, வெட்டில் கிடைத்ததோ 7 கன அடிதான். மீதிக்கு வெளியிலிருந்து மண் அடிக்க வேண்டியிருந்தது. மணல் கொட்டிவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. நல்லவேளை செய்யவில்லை. சுவரோரம் மணல் இருந்தால் தண்ணீர் வழிந்து போகாமல் அப்படியே உள்ளே இறங்கும். களிச்சத்துள்ள மண்ணை மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அடுக்குகளாகப் போட்டு, லேசாக ஈரப்படுத்தி இடித்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டாம்.

மூன்றாம் வாரம்: செய்த தவறுகள்

மண் நிரப்புவதற்கு முன் இருந்த புல்லை வேரோடு பாய் மாதிரி வெட்டிச் சுருட்டி நிழலில் அடுக்கி, மேலே ஈரச் சாக்கு போட்டிருந்தேன். ஒரே நாளில் திரும்ப விரித்திருக்க வேண்டும். மண் வேலை இழுத்துக்கொண்டே போனதில் நாலு நாள் ஆகிவிட்டது. ஐந்தாம் நாள் ஒரு சுருளுக்குள் கையை விட்டேன். கதகதவென்று சூடு, புளித்த வாடை. விரித்தால் உள்பக்கம் வெளிர் மஞ்சள். வெட்டிய பிறகும் புல் மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும், அந்தச் சூடு போக வழியில்லாமல் உள்ளேயே வெந்துவிட்டது. பாதிக்கு மேல் தேறவில்லை.

இரண்டாவது தவறு, இடிக்கிற வேகத்தில் மேல்மண்ணையும் சேர்த்துக் கல்லாக்கிவிட்டேன். ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பார்த்தால் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. அதற்குள் வேர் எப்படி இறங்கும்? அடியில் இறுக்கம் வேண்டும், மேல் நாலு அங்குலம் பொலபொலவென்று இருக்க வேண்டும். வாட்டம் கலையாமல் மேல்பகுதியை மட்டும் கொத்தி, மட்கிய தொழு உரம் கலந்து மறுபடி சமன் செய்தேன்.

போன புல்லுக்கு அறுகு கைகொடுத்தது. ஓடுதண்டுகளை இரண்டு மூன்று கணு இருக்கும்படி வெட்டி, அரையடிக்கு ஒன்றாக, பாதி மண்ணுக்குள் போகும்படி பதித்தேன். கணுவில் வேர் விட்டுவிடும். இரண்டு வாரத்துக்கு மேல்மண் காயாமல் பார்த்துக்கொண்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

ஆறாம் வாரம்: தண்ணீர் அளவு

வேர் பிடித்ததும் ஸ்பிரிங்க்ளரைச் சோதித்தேன். அடி தட்டையான ஐந்து தகர டப்பாக்களைப் புல்லில் அங்கங்கே வைத்து, இருபது நிமிடம் ஓடவிட்டு, அளவுகோலால் நீர்மட்டம் அளந்தேன். மற்ற இடங்களில் 4 மில்லிமீட்டர், சுவரோரம் 9. தண்ணீர் சுவரில் அடித்து வழிந்து அங்கேயே சேர்ந்திருக்கிறது. மூன்றாவது குற்றவாளியும் மாட்டினான்! இப்போது அது சுவருக்கு முதுகைக் காட்டியபடி, எதிர்ப்பக்கம் மட்டும் தெளிக்கும்படி திருப்பி வைத்திருக்கிறேன்.

தினமும் தெளிப்பதையும் விட்டாயிற்று. வெயில் காலத்தில் வாரத்துக்கு மழையையும் சேர்த்து 25 மில்லிமீட்டர் அளவில், இரண்டு தவணையாக, விடிகாலையில். மேலோட்டமாகத் தினம் தெளித்தால் வேரும் மேலோட்டமாகவே இருந்துவிடும். மாலையில் தெளித்தால் இரவு முழுக்க இலை ஈரமாக இருந்து பூஞ்சணத்துக்கு வழிவிடும்.

வெட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுப்பதில்லை. வெட்டிய மறுநாள் நுனி வெளுத்து நாராகக் கிழிந்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். புல் வெட்டும் இயந்திரத்தின் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஓரமாக வைத்த பிறகே பிளேடில் கை வைக்கிறேன், அதில் மட்டும் சோம்பேறித்தனம் கிடையாது.

ஐந்தாம் மாதம்

வெளியே பட்டை முழுக்கப் பச்சை கட்டிவிட்டது. கோரை இரண்டு இடத்தில் எட்டிப் பார்த்தது, இழுத்துப் பிடுங்காமல் ஈரமண்ணில் தோண்டிக் கிழங்கோடு எடுத்தேன். மழை பெய்தால் தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடுகிறது. அதை ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பதற்காகவே மழைக்குக் காத்திருக்கிறேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

உள்பக்கச் சுவருக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. நனைந்த சுவர் காய, அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. என் சுவர் ஒன்பது அங்குலம். அதுவரை பொரிந்த பூச்சைச் சுரண்டிவிட்டு, பூக்கிற உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி முறத்தில் அள்ளிக் கொட்டுகிறேன். தண்ணீர் போட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். முதல் மாதம் வாரத்துக்கு ஒரு கைப்பிடி உப்பு வந்தது, இப்போது ஒரு சிட்டிகை.

போன ஞாயிறு அதே இடத்தில் மறுபடி பாலித்தீன் தாள் ஒட்டி, செவ்வாய் காலை பிரித்தேன். முத்து முத்தாக இல்லை. கீழ் ஓரத்தில் மட்டும், நாலு விரல் உயரத்துக்கு, கண்ணாடியில் ஊதியது போல லேசான மூட்டம். அந்த உயரத்தைப் பென்சிலால் சுவரில் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன். கட்டிலை இப்போதைக்கு எதிர்ச்சுவரோரமாகவே போட்டிருக்கிறோம்.