வசனம் இல்லாத இடத்தில் டெல்லி கணேஷ்

2024 நவம்பர் 9 அன்று, 80 வயதில் நடிகர் டெல்லி கணேஷ் காலமானார். அவருடைய முதல் படம், கே. பாலசந்தரின் ‘பட்டினப் பிரவேசம்’, வந்தது 1977-ல். அதற்குப் பிறகு நானூறுக்கும் மேற்பட்ட படங்கள். அஞ்சலிகளில் பலரும் அவருடைய நகைச்சுவையைத்தான் சொன்னார்கள். எடிட்டிங், டப்பிங்கில் இருப்பவர்கள் பார்ப்பது வேறு: எதிராளி பேசும்போது அவர் முகம் என்ன செய்கிறது?

வசனம் முடிந்ததும் பல நடிகர்களுக்குக் கண் அணைந்துவிடும். அடுத்த வரியை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். சிலர் எதிராளியின் வசனத்தையே உதட்டுக்குள் முணுமுணுப்பார்கள். கேட்பவரின் முகத்தைக் காட்டும் ரியாக்‌ஷன் ஷாட்டுக்கு இருபது ஃபிரேம் போதும், ஒரு நொடிகூட இல்லை. அந்த இருபதில் உதடு அசைந்தால் ஷாட் குப்பைக்குத்தான். கணேஷ் விமானப்படையில் இருந்தவர், டெல்லியில் மேடை நாடகம் போட்டவர். மேடையில் க்ளோஸப் கிடையாது, ‘கட்’ சொல்வதும் கிடையாது; நிற்கிற நேரமெல்லாம் நடித்தாக வேண்டும். ‘சிந்து பைரவி’யில் (1985) குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்து, பாடகரிடம் மாட்டிக்கொள்ளும் மிருதங்கக்காரராக வருவார். அந்த இடத்தில் அவர் முகத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள்.

குரலும் அவருக்கு ஒரு தொழில். ‘47 நாட்கள்’ (1981) படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழ்க் குரல் அவருடையது. அடுத்தவர் வாய்க்குப் பேசும்போது புதியவர்கள் வரியின் தொடக்கத்தையே பிடித்துக்கொள்வார்கள். பிசகுவது நடுவில்தான். ப, ம வரும்போது உதடு மூட வேண்டும். இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளிப்போனாலே கண்ணுக்கு உறுத்தும். க, ர போன்றவற்றில் அவ்வளவு தெரியாது. வரிக்கு முன்னால் இழுக்கும் மூச்சையும் பதிவு செய்ய வேண்டும். அதை விட்டால் குரல் முகத்தில் ஒட்டாமல் மிதக்கும்.

இப்படிப்பட்ட நடிகர் டப்பிங் பாக்கியிருக்கும்போது போய்விட்டால் முதல் வேலை, படப்பிடிப்பின் பைலட் ட்ராக்குகளை, அதாவது டப்பிங்குக்கு வழிகாட்டியாக அங்கேயே பதிவான ஒலியை, திரட்டுவது. ஓகே ஆகாத டேக்குகளும் வேண்டும். ஒரு டேக்கில் ஜெனரேட்டர் இரைச்சல் விழுங்கிய சொல், இன்னொன்றில் சுத்தமாக இருக்கும். சொல் சொல்லாக எடுத்துக் கோக்கலாம். இரைச்சலை ஒரேயடியாக வழித்தெடுக்கக் கூடாது. ச, ஸ தேய்ந்து, தகர டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சலை விட்டு, அதே இடத்தில் யாரும் பேசாதபோது பதிவான வெற்று ஒலியைக் காட்சி முழுக்க அடியில் ஓட்டினால் காது பழகிவிடும்.

அப்படியும் தேறாத வரிகளுக்குத்தான் மிமிக்ரி கலைஞர். அவரையும் முகம் தெரியாத ஷாட்டுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில் கணேஷ் நடித்த பாலக்காட்டு மணி ஐயர் பாத்திரத்தின் இழுவையை மேடையில் பிடித்துவிடலாம். தூத்துக்குடிப் பக்கம் வல்லநாட்டில் பிறந்த கணேஷ் அந்த இழுவைக்குள் எங்கே நிறுத்தினார், எங்கே விழுங்கினார் என்பது க்ளோஸப்பில் காட்டிக்கொடுத்துவிடும். வசனத்துக்கு நடுவில் கணேஷ் கொட்டும் ‘ம்’களை மட்டும் யாரையும் வைத்து நிரப்ப வேண்டாம்; பைலட்டில் இருக்கிறபடியே, இரைச்சலோடு விட்டுவிடுங்கள்.